இனி இவருக்குப் பதில்

செந்தூல் மழைக்கு ஒரு பழக்கம்.
கதாநாயகி கதவைத் திறக்கும் நொடி பார்த்துத்தான் இடிக்கும்.
பதினெட்டு மாடியிலும் படம் உறைந்து
நீலத் திரையில் மன்னிப்பு வாசகம் நிற்கும்.
காவல் கூண்டில் என் கைப்பேசிக்கு மட்டும்
மழை பெய்வது தெரியாது.

அப்படித்தான் முதல் முறை இண்டர்காம் அடித்தது.
"கார்டு, பதினாலு பி ஏழு பேசறேன்.
கதவுக்கு அந்தப் பக்கம் யாரு?"
எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை.
"புருஷன்தாம்மா. தாடியோட."
"ஐயையோ" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து பத்து மணிக்கு அடிக்கும்,
வானம் வெறித்திருந்தாலும்.

என் கட்சி சொர்ணாம்பிகை.
மாமியார், கெட்டவள், எல்லாம் சரி.
ஆனால் அந்த அரண்மனையில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.
எழுநூறு தறி, இரண்டு அரிசி ஆலை, ஒரு விஷப்புட்டி
அத்தனைக்கும் கணக்கு அவள் கையில்.
மருமகள் பாலில் எதையோ கலந்த இரவிலும் பாருங்கள்,
கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனாள்.
மிருதுளா?
அழுகிறாள். பட்டுப்புடவையோடு தூங்குகிறாள்.
ஒட்டுக்கேட்க வேண்டிய நேரத்தில் விளக்கேற்றப் போய்விடுகிறாள்.
வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்
முந்நூறு எபிசோடு மிச்சம்.

"அவ நல்லவ, அதான் சொல்லல."
"நல்லவங்களுக்கு வாய் இருக்கக் கூடாதாம்மா?"

பூம் கேட்டில் வெள்ளைக் கார் ஹாரன் அடிக்கும்.
அதிர்ச்சியாக, மூன்று கோணத்தில்,
மெதுவாகத் திரும்பிப் பார்ப்பேன்.
அதுவும் தொடரில் படித்ததுதான்.

டில் பகதூருக்குத் தமிழ் தெரியாது.
மேகி கிண்டிக்கொண்டே இசையை வைத்துச் சொல்லிவிடுவான்,
இந்தம்மா ஜாஹாட், அந்தம்மா பாய்க் என்று.
ஒரு நாளும் தவறியதில்லை.
கெட்டவள் ஏன் கெட்டவள் ஆனாள் என்பதற்கு மட்டும்
யாரும் இசை போடுவதில்லை.

இதை நான் பெருமையாகச் சொன்ன இரவு
மறுமுனையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு,
"எங்க மாமியாரும் கரண்டியக் கழுவித்தான் வைப்பாங்க, கார்டு."

ரோந்துக்கு நேரமாகியிருந்தது.
இரண்டு வாரம் சொர்ணாம்பிகைக்காக நான் வாதாடவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை
நாயகன் மாடிப்படியில் ஏறும்போது ஒருவர்,
இறங்கும்போது இன்னொருவர்.
கீழே சின்ன எழுத்தில்
இனி இவருக்குப் பதில் இவர்.
அம்மாவும் தங்கையும் ஒன்றும் நடக்காததுபோல்
காப்பி கொடுத்தார்கள்.
பதினாலு பி ஏழுக்குத் தாங்கவில்லை.
"நெத்தி ரொம்பச் சின்னது. இவனையெல்லாம் புருஷன்னு
அவ எப்படிக் கூப்பிடுவா?"

அந்த வியாழன் மாலை கூண்டு வாசலில் ஒரு பெண்.
கழுத்துவரை வெட்டிய முடி, கையில் ஹெல்மெட்,
ஆய்வுக்கூடத்து நீலச் சட்டை.
"பார்சல் வந்திருக்கா?"

அந்தக் குரல்.

நான் நினைத்து வைத்திருந்தவருக்கு வயது அறுபது.
பெரிய பொட்டு, முழங்கால் வலி,
சோபாவில் ஒரு தனி இடம்.
மூன்று வருஷம் அவரோடுதான் சண்டை போட்டிருக்கிறேன்.
இவர் பதிவேட்டில் குணசுந்தரி என்று எழுதிவிட்டு
என் பெயர்ப்பட்டையைப் படித்தார்.
பிறகு என் வழுக்கையை.
அவரும் யாரையோ நினைத்து வைத்திருக்க வேண்டும்,
மீசையோடு, ஒருவேளை உயரமாக.
பார்சலை இரண்டு கையாலும் கொடுத்தேன்.
நாற்பதுக்கு மேல் இருக்காது. இனி எப்படி அம்மா என்பது?

வியாழன் இரவு மணி அடிக்கவில்லை.
வெள்ளி, நல்ல மழை. அடிக்கவில்லை.
சொர்ணாம்பிகை கைதானாள்,
சொல்ல ஆளில்லாமல்
டில் பகதூரிடம் மலாயில் சொன்னேன்.
பெயிலில் வந்துவிடுவாள் என்றான்.

சனிக்கிழமை தொடர் இல்லை.
பத்து மணிக்கு அடித்தது.
"பார்த்துப் பார்த்துப் பழகிடும்போல, கார்டு.
நெத்தி பரவாயில்ல."

யாருடையது என்று நான் கேட்கவில்லை.
வெள்ளைக் கார் வந்து நின்றது.
ஹாரன் அடிப்பதற்குள்
கேட்டைத் தூக்கிவிட்டேன்.